நாற்பத்தெட்டு பைட்

தூத்துக்குடியில், துறைமுகச் சாலை முடிகிற இடத்தில் ஒரு கப்பல் கம்பெனி. அதன் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்த அறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தேழு. மற்ற கதைகளில் இது தலைகீழாக இருக்கும். என்ன செய்வது, இந்தக் கதையில் இப்படித்தான்.

குருவின் பெயர் மொகுதூம். காயல்பட்டினத்துக்காரர். கம்பெனிக்குப் பதினான்கு கப்பல்கள். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே செயற்கைக்கோள் வழியாகத் தகவல்கள் போய்வரும். அந்தப் பாதையில் களவாணி எவனும் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

சீடர் எமல்டா. இருபது வருஷம் கீழ்மாடியில் மாலுமிகளின் ஃபைல்களைப் பார்த்தவள். ஃபைல்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனதும் அவளையும் மேலே அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் இவளுக்கு என்ன ஏறப்போகிறது என்று கீழ்மாடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் பெயர் கிடையாது. கப்பலில் இருக்கிறவர்கள், கரையில் இருக்கிறவர்கள் எல்லோரும் திரையில் வெறும் எண்கள். எந்த எண் யார் என்பது மொகுதூமின் மேசை டிராயரில் ஒரு பச்சை நோட்டில் இருந்தது. காவல் பார்க்கிறவர்களுக்குத் தங்கள் எண்கூடத் தெரியாது.

"பேரு தெரிஞ்சா கண்ணு ஒரு பக்கமா சாஞ்சிரும்க்கா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எமல்டாவுக்கு அது நல்லதாகப் போயிற்று. அவளுக்கும் ஒரு பெயரைப் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது.

ஜெனிஸ்டன் அவளுடைய ஒரே மகன். வீட்டில் அவளும் அவனும் மட்டும்தான். இன்ஜினியரிங் மூன்றாவது வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் வேலை பார்க்கிற கம்பெனியின் கப்பலிலேயே பயிற்சி மாலுமியாகச் சேர்ந்துவிட்டான். புதிய ஆட்களின் பட்டியலை டைப் அடித்தவள் எமல்டாதான். பத்தொன்பதாவது வரியில் மகன் பெயர் இருந்தது. அன்று வீட்டில் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது.

"போறவன் போ. நீ எழுதவும் வேண்டாம், நான் படிக்கவும் வேண்டாம்" என்றாள் கடைசியாக.

அவன் போனான். எழுதவில்லை. ஏழு மாதம் ஆயிற்று.

பிடிவாதத்தில் தாயும் பிள்ளையும் ஒரே அச்சு. அவள் யாரிடமும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. கீழே வரவேற்பறையில், எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற பெரிய திரை ஒன்று உண்டு. காலையில் படியேறுவதற்குமுன் அதில் ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பாள். நேற்று இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு வேலை ஓடும். மகன் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் குரல் வேண்டும், சாப்பிட்டானா என்று தெரிய வேண்டும். ஆனால் முதலில் அவன்தான் எழுத வேண்டும். அதில் அவள் ஒரு அடிகூட இறங்கி வருவதாக இல்லை.

கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதெல்லாம் துண்டு துண்டாகப் போகும். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். பூட்டிய பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. எத்தனை பைட், அதாவது எவ்வளவு பெரிது என்று மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு ரூல் எழுத வேண்டும். இன்ன அளவுக்கு மேலே வந்தால் அலாரம் அடி. இன்ன அளவில் வந்தால் பாதையை அடை. இதுதான் எமல்டா படிக்க வந்த பாடம்.

முதல் ரூலை அவள் ஒரு வாரத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். ஆயிரம் பைட்டுக்கு மேலே எது வந்தாலும் அலாரம்.

மொகுதூம் படித்துப் பார்த்தார்.

"ஏன்க்கா ஆயிரம்?"

"களவாணி பெருசாத்தான சார் அள்ளிட்டுப் போவான்?"

"அப்படியா?"

"பின்ன எந்த அளவுல வருவான்? நீங்களே சொல்லுங்க."

மொகுதூம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க ஊர்ப் பக்கம் ஒரு உப்பளம்க்கா. வாசல்ல ஒரு காவக்காரன். சாக்கு தூக்கிட்டு வாரவன மட்டும் பிடின்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. ஒருத்தன் தெனமும் வேல முடிஞ்சு ஈர வேட்டியோட வெளிய போவான். பாத்தியில உப்பு நல்லா முத்துன தண்ணியில முக்குன வேட்டி. வீட்டுல காயப் போடுவான். காஞ்சதும் உதறுவான்."

"எவ்வளவு தேறும்?"

"ஒரு கைப்பிடி."

எமல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு கைப்பிடி உப்ப வச்சிக்கிட்டு என்னத்தச் செஞ்சான்?"

"அவன் கருவாடு போட்டான். காவக்காரனுக்குத்தான் வேல போச்சு."

அவள் சிரிப்பு அடங்கியது. ரூல் எழுதிய தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்ய சார்?"

"பெருச விட்டுருங்க. நூறு பைட்டுக்குக் கீழ வாரது எல்லாத்தையும் பாருங்க. ஒவ்வொண்ணும் எதுக்கு வருதுன்னு எனக்குச் சொல்லணும். ஒண்ணு பாக்கி இருக்கப்படாது."

அது லேசுப்பட்ட வேலை இல்லை. சின்னப் பாக்கெட்டுகள் நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரும். எமல்டா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது பைட் என்றால் கப்பல் கடிகாரம் கரைக் கடிகாரத்தோடு மணி சரிபார்த்துக்கொள்வது. ஐம்பத்தாறு என்றால் இன்ஜின் அறையின் சூடு. எழுபத்திரண்டு என்றால், அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது என்கிற ரசீது.

நாற்பத்தெட்டு என்ன என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அது எப்போதும் கடிதத்துக்கு முன்னால் வந்தது. கல்யாண வீட்டுக்கு முன்கூட்டி வந்து பந்தியில் இடம் பிடிக்கிற ஆள் மாதிரி, நாற்பத்தெட்டு வந்து நிற்கும். ஐந்து பத்து நிமிஷத்தில் பின்னாலேயே பெரிய பாக்கெட்டுகள் வரும். எல்லாக் கப்பல்களிலும் அப்படித்தான் இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் அப்படி இல்லை.

318 என்ற எண். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் அதிலிருந்து ஒரு நாற்பத்தெட்டு வந்தது. அவ்வளவுதான். பின்னால் எதுவும் வரவில்லை. அடுத்த நாளும் அதே நேரம், அதே அளவு. எமல்டா பழைய பதிவுகளைப் போய்ப் பார்த்தாள். போன மாதமும் இருந்தது. அதற்கு முந்தின மாதமும் இருந்தது.

அவளுக்கு மூக்கு வியர்த்தது. பிடித்துவிட்டோம் என்று தோன்றியது. இருபது வருஷம் ஃபைல் தூக்கினவள் முதல் களவாணியைப் பிடிக்கப் போகிறாள். கீழ்மாடியில் சிரித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

பன்னிரண்டாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரூலோடு மொகுதூமின் மேசைக்கு வந்தாள்.

"எல்லாம் சொல்லிட்டேன் சார், ஒண்ணத் தவிர. அந்த ஒண்ணுக்குத்தான் ரூல் எழுதியிருக்கேன். 318லேருந்து நாப்பத்தெட்டு பைட் வந்தா அந்த ஆளோட கடுதாசிப் பெட்டிய அப்படியே அடைச்சிரணும்."

"அடைச்சா அடுத்த துறைமுகம் போற வரைக்கும் தொறக்க முடியாது. தெரியும்லா?"

"தெரியும் சார். இன்னும் இருபத்தஞ்சு முப்பது நாள் ஆகும். ஆகட்டுமே."

"அந்த ஆளு யாருக்கும் எழுத முடியாது. யாரும் அவருக்கு எழுத முடியாது."

"களவாணிக்கு என்ன சார் கடுதாசி? இன்னைக்கு அவன் வாரதுக்குள்ள போட்டுறணும். அஞ்சு நாப்பதுக்கு வந்துருவான்."

மொகுதூம் ரூலை ஒருமுறை படித்தார். பிழை எதுவும் இல்லை. சுத்தமாக எழுதியிருந்தாள்.

"வந்தவன் என்ன எடுத்துட்டுப் போனான்?"

"ஒண்ணும் எடுக்கல."

"எதையாச்சும் வச்சிட்டுப் போனானா?"

"இல்ல."

"பின்ன?"

"அதான சார் சந்தேகமே! ஒண்ணும் எடுக்காம, ஒண்ணும் வைக்காம, ஒருத்தன் எதுக்குத் தெனமும் வாசல் வரைக்கும் வரணும்?"

"நல்ல கேள்வி" என்றார் மொகுதூம். "இத ரூல்ல எங்கக்கா எழுதியிருக்கீங்க?"

எமல்டா தாளைப் பார்த்தாள். அதில் எண் இருந்தது, அளவு இருந்தது, அடை என்ற கட்டளை இருந்தது. கேள்வி இல்லை.

"கேள்விய எப்படி சார் ரூல்ல எழுத?"

மொகுதூம் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கடுதாசிப் பெட்டியத் தொறங்க. யாருக்காச்சும் எழுதுத மாதிரி தொறங்க. எழுதாம மூடிருங்க."

எமல்டா தயங்கினாள். காரணம் இருந்தது. அந்த வழி அவள் விரல்களுக்கு நன்றாகப் பழகிய வழி. தினமும் மதியம், எல்லோரும் சாப்பிடக் கீழே போனபிறகு, அவள் தன் இடத்தில் பெட்டியைத் திறப்பாள். மகன் பெயரைத் தேர்ந்தெடுப்பாள். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நிற்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மூடிவிடுவாள். ஒரு எழுத்தும் தட்டியதில்லை. அனுப்பு என்ற பட்டனை அமுக்கினால்தானே போகும்? இது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் இருந்தாள்.

இப்போது ஒரு கப்பலின் கேன்டீனுக்கு எழுதுவதுபோலத் திறந்தாள். மூடினாள்.

திரையின் அடியில் புதிதாக ஒரு வரி வந்தது. கரையிலிருந்து ஒரு பாக்கெட். அளவு நாற்பத்தெட்டு.

அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"இது எதுக்கு சார் போச்சு? நான் ஒண்ணும் எழுதலையே."

"நாம தொறந்த ஒடனே பெட்டி பாதையக் கேட்டுக்கிடும். எழுதப் போறாங்க, வழி இருக்கான்னு. அப்புறம் எழுதுததும் எழுதாததும் நம்ம இஷ்டம்."

"தொறந்தாலே போயிருமா?"

"போயிரும்."

"மூடிட்டாலும்?"

"போனது போனதுதானக்கா."

எமல்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஏழு மாதம். ஞாயிறைக் கழித்துவிட்டால், தினமும் ஒன்று. அவள் அனுப்பாமல் வைத்திருப்பதாக நினைத்தவை எல்லாம் கடல்மேல் போயிருக்கின்றன.

"அப்ப இந்த 318..." என்று ஆரம்பித்தாள். "இவனும் எழுதத் தொறந்துட்டு எழுதாம மூடுதானா? தெனமுமா?"

மொகுதூம் அவள் தாளை அவள் பக்கமே நகர்த்தினார்.

"யாருக்கு சார் எழுதப் பாக்கான்?"

"உங்க ரூல் எந்தப் பக்கம் பாக்குது?"

"கப்பல்லேருந்து கரைக்கு."

"அந்தப் பக்கம் மட்டுமா?"

"வாரவனத்தான சார் பாக்கச் சொன்னீங்க?"

"நான் சின்னது எல்லாத்தையும் பாருங்கன்னுதான் சொன்னேன். வாரத மட்டும்னு நீங்களே வச்சிக்கிட்டீங்க." அவர் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "போறதையும் சேத்துப் பாருங்க. யாருகிட்டேருந்து யாருக்குன்னும் கேளுங்க."

அது இரண்டு சொல் மாற்றுகிற வேலைதான். எமல்டாவுக்கு அதைச் செய்ய நெடுநேரம் ஆயிற்று. என்ன வரும் என்று அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அந்தப் பாதிதான் பயமாக இருந்தது. அவன் யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதத் திறக்கிற வேறு எவனோவாக இருந்தால்? தன்னுடைய நாற்பத்தெட்டு போய்ச் சேருகிற எண் வேறாக இருந்தால்? அப்படி இருந்தால் இந்தப் பன்னிரண்டு நாள் உழைப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

கடைசியில் அமுக்கினாள். வரிகள் வந்தன.

318லிருந்து 22க்கு. நேற்று சாயங்காலம் ஐந்து நாற்பது. நாற்பத்தெட்டு.

22லிருந்து 318க்கு. நேற்று மதியம் ஒன்றே கால். நாற்பத்தெட்டு.

மேலே மேலே போனாள். எல்லா நாளும் அப்படியே. மதியம் ஒன்று போயிருந்தது, சாயங்காலம் ஒன்று வந்திருந்தது. ஞாயிறுகளை விட்டால், போன வாரம் செவ்வாயும் புதனும் மட்டும் 22லிருந்து எதுவும் போகவில்லை. அந்த இரண்டு நாளும் எமல்டா காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்தாள். சாயங்கால வரி அந்த இரண்டு நாளும் தவறாமல் வந்திருந்தது.

மொகுதூம் டிராயரைத் திறந்து பச்சை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பேரு பாக்கணுமாக்கா?"

எமல்டா தலையை ஆட்டினாள். வேண்டாம். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு முந்தியே தெரியுமா சார்?"

"நான் நோட்டத் தொறக்கதில்ல."

அது பதில்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நோட்டு திரும்ப டிராயருக்குள் போயிற்று.

எமல்டா தான் கொண்டுவந்த தாளை எடுத்தாள். அடை என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு முந்தி இவர் சரியென்று தலையாட்டியிருந்தால், தன் கையாலேயே அடைத்திருப்பாள். பிறகு முப்பது நாள் அவன் பெட்டி திறந்திருக்காது. வேண்டாம் என்று சொன்ன அம்மா வழியையும் அடைத்துவிட்டாள் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டிருப்பான். தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஏழு மாசமா வாசல்ல வந்து நின்னிருக்கான் சார்" என்றாள். "ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்லா? அம்மான்னு ஒரு வார்த்த. அதுக்கு எத்தன பைட் ஆகப் போவுது?"

மொகுதூம் திரையைப் பார்த்தார். மதியம் ஒன்றே கால் என்ற வரியில் அவர் பார்வை நின்றது. எமல்டாவும் அதைப் பார்த்தாள். அதற்குமேல் மகனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கடுதாசிப் பெட்டியைத் திறந்தாள். ஜெனிஸ்டன் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளைப் பக்கம் வந்து நின்றது.

பக்கத்துத் திரையில் அவளுடைய நாற்பத்தெட்டு ஒரு வரியாக ஏறியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அது சாயங்காலத்தில் போயிருந்தது.

அடுத்த நிமிஷமே அதன் கீழே இன்னொரு வரி வந்தது. 318லிருந்து 22க்கு. மணி ஐந்து நாற்பது.

"சார்" என்றாள். "சார், வந்துட்டான். இப்ப வாசல்லதான் நிக்கான்."

மொகுதூம் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எவ்வளவு நேரம் சார் நிப்பான்?"

"தெரியலையேக்கா. மூடுறது எப்பன்னு நமக்குத் தெரியாது."

ஒரு எழுத்தைத் தட்டினாள், அழித்தாள். இன்னொன்றைத் தட்டினாள், அதையும் அழித்தாள். நீ எழுதவும் வேண்டாம் என்று சொன்ன வாய் இது. அதற்கு மேலே எதை வைப்பது? மன்னிப்பா? சாப்பிட்டியா என்பதா? தெருவில் யார் யார் கேட்டார்கள் என்பதா? காய்ச்சலில் கிடந்தபோது பெயர் சொல்லி அழைத்ததையா? எல்லாம் முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் விரலுக்கு வரவில்லை.

"எங்கேருந்து சார் ஆரம்பிக்க? ஒரு வரியோட நிறுத்தவா? இல்ல எல்லாத்தையும் கொட்டவா? எவ்வளவு எழுத?"

"அளவ நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்றார் மொகுதூம். "நீங்க எழுதுங்க."